சிந்துபாத்தும் சித்தப்பாவும்

அக்கா மகன் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கண்ணாடி மாளிகையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறான். போன மாதம் மூணு நாள் லீவில் ஏழாயிரம்பண்ணை வந்தான். சாத்தூரில் பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து வந்தவனை வாசலிலேயே சித்தப்பா பிடித்துக்கொண்டார். (எனக்குச் சித்தப்பா, அவனுக்குச் சின்னத் தாத்தா.) முழுசாக ஒரு மணி நேரம். விடுபட்டு உள்ளே வந்தவன் தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை.

''மாமா, தாத்தா ஒரு நார்சிசிஸ்ட்!'' என்றான்.

சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ''அது என்னப்பா, சுகர் மாதிரியா, பிரஷர் மாதிரியா?'' என்று கேட்டாள்.

இப்போதெல்லாம் ஆபீஸ் போகிற பையன்கள் வாயில் இந்த வார்த்தை வெற்றிலை மாதிரி அடங்கியிருக்கிறது. மேனேஜர் நார்சிசிஸ்ட். ரூம்மேட் நார்சிசிஸ்ட். லவ்வைக் கட் பண்ணிவிட்டுப் போன பெண் நார்சிசிஸ்ட். எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் சேர்த்து 'மண்டைக்கனம்' என்று ஒரே வார்த்தை வைத்திருந்தோம். வைத்தியச் செலவு இல்லை.

சரி, சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பட்டாசு ஆபீஸில் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். (எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் ஆபீஸ் என்றதும் ஏ.ஸி.யும் சுழல் நாற்காலியும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.) அவர் சொல்கிற கதை எல்லாவற்றிலும் ஹீரோ அவரேதான். அதில் தலை சிறந்தது ராக்கெட் கதை.

அதாவது... புது மாடல் ராக்கெட் ஒன்றை இவர் சோதனை பண்ணுகிறார். ஆள் உயரம். திரியைக் கொளுத்தினால் கிளம்பவில்லை. கோளாறு என்ன என்று பார்க்க இவர் போய்க் கட்டிப் பிடிக்கிறார். கிளம்பிவிட்டது! கீழே ஊர் தெரிகிறது, கரிசல் காடு தெரிகிறது, கோவில்பட்டி மில் புகைபோக்கி தெரிகிறது, பருந்து ஒன்று பக்கத்தில் வந்து முறைத்துவிட்டுப் போகிறது. கடைசியில் திருவேங்கடம் பக்கம் ஒரு கம்மங்காட்டில் இறங்குகிறார். காட்டுக்காரம்மா பயப்படாமல் ஒரு சொம்பு கூழ் கொடுக்கிறாள். குடித்துவிட்டு, கரி அப்பிய முகத்தோடு பஸ் ஏறுகிறார். கண்டக்டர் வருகிறார். கண்டக்டர் கேட்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருப்பேன். அக்கா மகன் அதற்கு மேல். அவன் கடுப்புக்குக் காரணம் கதை மட்டும் இல்லை. அவன் தங்கை நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணை வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்த அபூர்வமான நேரத்தில், தாத்தா குறுக்கே புகுந்து ராக்கெட்டில் ஏறிவிட்டார். இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

''ஒன்பது அறிகுறி இருக்கு மாமா. அஞ்சு இருந்தா கன்ஃபர்ம்'' என்று செல்போனை நீட்டினான்.

பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஆடிட். வாங்கிப் பார்த்தேன்.

பையன் சொன்னது சரிதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடுகிற நோய்ப் பட்டியலில் 1980-ல்தான் இந்தக் கோளாறு முதன்முதலாக இடம் பிடித்தது. தன்னைப் பற்றி ஊதிப் பெருக்கிய எண்ணம், அளவில்லாத வெற்றி பற்றிய பகல் கனவு, ஓயாமல் பாராட்டு கேட்பது, அடுத்தவனைப் பயன்படுத்திக்கொள்வது, அடுத்தவன் வலி உறைக்காதது, பொறாமை... இப்படி ஒன்பது. ஐந்து தேறினால் போதும். ஆனால் ஒரு ஷரத்து உண்டு. பையன்கள் செல்போனில் அது வரைக்கும் கீழே இறங்கிப் படிப்பதில்லை. இளமையிலிருந்தே வீட்டில், வேலையில், நட்பில், எங்கும் இந்தக் குணம் பரவி நின்று வாழ்க்கையையே கெடுத்தால்தான் கோளாறு. மற்றபடி அது வெறும் குணம். நாலு பேர் இருக்கிற வீட்டில் ரெண்டு பேருக்கு இருக்கும்.

பெயர் வந்தது கிரேக்கக் கதையிலிருந்து. நார்சிசஸ் என்ற அழகன், தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து மயங்கி, நகர முடியாமல் அங்கேயே உருகிப் போனான். (நம் ஊர்க் கண்மாயில் அந்த ஆபத்து இல்லை. தண்ணீர் இருந்தால்தானே!) ஃப்ராய்டு 1914-ல் இதை வைத்து ஒரு கட்டுரையே எழுதினார்.

இன்னொரு சங்கதி. 1964-ல் அமெரிக்காவில் பாரி கோல்டுவாட்டர் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது, ஒரு பத்திரிகை மனநல டாக்டர்களுக்குக் கடிதம் போட்டு 'இவர் புத்தி தெளிவாக இருக்கிறதா?' என்று கேட்டது. 1,189 பேர் 'லாயக்கில்லை' என்று எழுதிவிட்டார்கள். ஒருத்தர்கூட அவரை உட்காரவைத்துச் சோதித்தது கிடையாது. மனிதர் கேஸ் போட்டு ஜெயித்தார். அப்புறம் 1973-ல் டாக்டர்கள் சங்கம், நேரில் பரிசோதிக்காத பொது மனிதருக்கு நோய்ப் பெயர் வைக்காதே என்று விதி போட்டது. டாக்டர்களுக்கே அந்த விதி என்றால், ஓ.எம்.ஆருக்கு?

ஆனால் கதை மனிதர்களுக்கு அந்த விதி கிடையாது. கேஸ் போட மாட்டார்கள். எனவே சித்தப்பாவை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, தன் வீரத்தைத் தானே சொல்லிக்கொள்கிற ஹீரோக்களின் கணக்கை முதலில் எடுத்தேன்.

முதல் ஃபைல், சிந்துபாத்.

நமக்கு சிந்துபாத் என்றால் தினத்தந்தி கன்னித்தீவு. 1960-ல் ஆரம்பித்த படக்கதை. பாட்டன் படித்து, அப்பன் படித்து, பேரன் படித்தும் லைலாவுக்கு விடிவு வராத கதை. நான் சொல்வது ஒரிஜினல் சிந்துபாத். ஆயிரத்தொரு இரவுகளில் வருகிறவன். அவன் கதையை அவனே சொல்கிறான். யாரிடம்? வாசலில் மூட்டையை இறக்கிவைத்து, 'சிலருக்கு மாளிகை, எனக்கு மூட்டையா?' என்று புலம்பிய ஒரு சுமை கூலியிடம். அவன் பெயரும் சிந்துபாத்தான். உள்ளே கூப்பிட்டு, விருந்து வைத்து, தன் கடல் பயணத்தைச் சொல்லி, கிளம்பும்போது கையில் நூறு பொன் கொடுத்து, 'நாளைக்கும் வா' என்கிறான். ஏழு பயணம், ஏழு நாள்.

கவனியுங்கள் சார். கதை கேட்கக் காசு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். கேட்கிறவனுக்குக் காசு கொடுத்தவன் இவன் ஒருத்தன்தான்! 'ஓயாமல் பாராட்டு தேவை' என்ற கட்டத்தில் பெரிய டிக் போட வேண்டியதுதான்.

நான்காவது பயணம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு தேசத்தில் போய்க் கல்யாணம் செய்துகொள்கிறான். அந்த ஊர் வழக்கம், மனைவி செத்தால் புருஷனையும் உயிரோடு பாதாளக் குகையில் இறக்கிவிடுவார்கள், ஒரு குடம் தண்ணீரும் ஏழு ரொட்டியும் கொடுத்து. இவன் மனைவி செத்துப் போகிறாள். இவனை இறக்கிவிடுகிறார்கள். ரொட்டி தீர்ந்ததும் என்ன செய்கிறான்? அடுத்தடுத்து உயிரோடு இறக்கப்படுகிறவர்களை எலும்பால் அடித்துக் கொன்று, அவர்கள் ரொட்டியையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்கிறான். பிணங்களின் நகையையும் கழற்றிக்கொண்டு தப்பித்து வந்து, பணக்காரனாகி, இதை விருந்தில் உட்கார்ந்து சொல்கிறான். கேட்டவர்கள் இலையில் என்ன பரிமாறியிருந்ததோ!

அடி வாங்கிச் செத்தவர்களுக்குப் பெயர் இல்லை. அழுகை இல்லை. ஒருத்தியாவது 'அய்யா, என்னை விட்டுரு' என்று கேட்டிருப்பாளே? அந்த வசனம் கதையில் இல்லை. அடுத்தவன் வலி உறைக்காதது என்ற கட்டத்திலும் டிக்.

ஆனால் முழு மார்க் போட என் கை வரவில்லை. ஏனென்றால் இதே சிந்துபாத், முதல் பயணத்தை ஆரம்பிக்கும்போதே, அப்பா சேர்த்த சொத்தைத் தான் ஊதாரித்தனமாக அழித்ததை ஒப்புக்கொள்கிறான். ஒவ்வொரு தடவையும் 'வீட்டில் சும்மா இருக்காமல் ஆசைப்பட்டுக் கிளம்பினேனே' என்று தலையில் அடித்துக்கொள்கிறான். உண்மையான நார்சிசிஸ்ட் அப்படி அடித்துக்கொள்வதில்லை. பக்கத்து சீட்டுக்காரன் தலையில்தான் அடிப்பான்.

இரண்டாவது ஃபைல் நம்ம சிவகாசி சரக்கு. கூர்மண்டையர் ஸ்பைடர்!

விருதுநகர் மாவட்டத்துப் பையன்களுக்கு இவரை அறிமுகப்படுத்துவது அவமானம். இருந்தாலும் மற்ற மாவட்டத்துக்காரர்களும் படிக்கிறீர்களே. 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. 1984-ல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. அதில் குதித்தவர்தான் ஸ்பைடர். மூலம் இங்கிலாந்து. 1965-ல் லயன் என்ற பத்திரிகையிலேயே பிறந்தவர். ஆரம்பித்தவர் டெட் கோவன், படம் ரெக் பன். கொஞ்ச நாளில் கதை எழுத வந்தவர் யார் தெரியுமா? சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். 1938-ல் அந்த சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு, அதுவும் பார்ட்னரோடு சேர்த்து, கொடுத்துவிட்டு ஆயுசு முழுக்க வருத்தப்பட்டவர். கோடி கோடியாகப் பணம் பார்த்த ஹீரோவைக் கைநழுவ விட்ட மனுஷன், அடுத்து எழுதியது ஊரையே மிரட்டித் தன் புகழைத் தானே பாடுகிற ஒரு ஹீரோவுக்கு. எனக்கு அதில் ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது.

ஸ்பைடர் முதலில் ஹீரோவே இல்லை. குற்றச் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்பது லட்சியம். அதற்காக ஆர்டினி என்கிற பூட்டு உடைக்கும் நிபுணரையும் புரொபஸர் பெல்ஹாமையும் சேர்த்துக்கொள்வார். அவர்களைப் பேசும் பேச்சு இருக்கிறதே... எங்கள் போர்மேன்களே பரவாயில்லை. அப்புறம் திருந்தி நல்லவராவார். திருந்தின காரணம்தான் விசேஷம். மனசாட்சி உறுத்தி இல்லை. திருடுவது அவர் திறமைக்கு ரொம்ப ஈஸியாகிவிட்டது, திருடர்களைப் பிடிப்பதில்தான் சவால் இருக்கிறதாம்! ஒன்பதில் எத்தனை என்று அக்கா மகன் எண்ணினான். எட்டு வரைக்கும் வந்தான். நாங்கள் சின்ன வயசில் அந்த ஆளுக்காகத்தான் ஹெலிகார் படத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து, கணக்கு சாரிடம் முட்டி பெயர்ந்தோம்.

''அப்ப ஏன் மாமா நமக்குப் பிடிச்சுது?'' என்றான்.

நல்ல கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பையன், பஸ்ஸில் சீட் கிடைக்காதவன், வகுப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாதவன். அவனுக்குத் தன்னடக்கமான ஹீரோ எதற்கு? அது அவனிடமே ஏராளமாக இருக்கிறதே.

மூன்றாவது ஃபைல் முன்சாசன் பிரபு. ஜெர்மானியர். பீரங்கிக் குண்டின் மேல் உட்கார்ந்து பறந்ததாகக் கதை சொன்னவர். நிஜமாகவே அந்தப் பெயரில் ஒரு பிரபு இருந்தார். 1785-ல் ராஸ்பே என்ற ஆசாமி அவர் சொல்வது போலவே 'நான் பறந்தேன், நான் குதித்தேன்' என்று புத்தகம் எழுதி விற்றுவிட்டார். பாவம், பிரபுவுக்கு ஏகப்பட்ட கோபம். கதை ஹீரோவுக்கு நோய்ப் பெயர் வைப்பது போய், இந்த ஹீரோ பெயரையே நோய்க்கு வைத்தது 1951-ல். இல்லாத வியாதியை இருப்பதாகச் சொல்லி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அட்மிட் ஆகிறவர்களுக்கு ரிச்சர்டு ஆஷர் என்ற டாக்டர் வைத்த பெயர் முன்சாசன் சிண்ட்ரோம். ராக்கெட்டில் பறந்த என் சித்தப்பாவுக்கு இவர் பங்காளி முறை வேண்டும்.

நம் தமிழிலேயே முதல் நாவல் 'நான்' என்று பேசுகிற நாவல்தான். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-ல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரம். ஹீரோ தன் கதையைத் தானே சொல்கிறார். ஆனால் கதையின் உச்ச கட்டத்தில் ஆண் வேஷம் போட்டு ஒரு ராஜ்யத்தையே ஆள்கிறவள் அவர் மனைவி ஞானாம்பாள். பெரிய சீன் எல்லாம் அவளுக்கு. முதலியார் பக்கத்தில் நின்று நமக்குச் சொல்கிறார், அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. (இந்த ஊர்க்காரன் சொல்லக் கூடாத வார்த்தை.) எத்தனை 'நான்' என்று எண்ணி என்ன பிரயோஜனம்? தன் கதையைத் தான் சொல்கிறவன் 'நான்' என்றுதான் சொல்ல முடியும். என் பத்தியில்கூட வாரா வாரம் எத்தனை 'நான்' என்று எண்ணி ஒரு வாசகர் போஸ்ட் கார்டு போடுகிறார். அவருக்கு வேறு வேலை கிடைக்க ஆண்டவன் அருள்புரியட்டும். பார்க்க வேண்டியது அது இல்லை. கதையில் மற்றவனுக்கு நல்ல வசனம் உண்டா? சிந்துபாத் குகையில் ஒருத்தருக்கும் இல்லை. ஸ்பைடர் கதையில் பெல்ஹாமுக்கும் ஆர்டினிக்கும் கிடைப்பது திட்டு.

''உன் மேனேஜர் கதையில?'' என்றேன்.

''ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து நான் போட்ட வேலை மாமா. மீட்டிங்ல என் பேரே வரலை. 'ஐ டிட் திஸ்'னு சொல்றாரு.''

''டிக் போடு. திங்கக்கிழமையிலேர்ந்து எது அனுப்பினாலும் இன்னும் ரெண்டு பேருக்குக் காப்பி போட்டு அனுப்பு.'' வைத்தியம் இவ்வளவுதான் என் படிப்புக்கு.

''தாத்தா கதையில?''

யோசித்தோம். பருந்து முறைக்கிறது. காட்டுக்காரம்மா பயப்படாமல் கூழ் கொடுக்கிறாள். கதை முடிகிற இடத்தில் கைத்தட்டல் கண்டக்டருக்கு. சித்தப்பா எப்போதும் கரி அப்பிய முகத்தோடு முழித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

சித்தி வந்து உட்கார்ந்தாள். வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டே அவனைக் கேட்டாள்: ''அந்த ராக்கெட் கதை எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரியுமா உனக்கு?''

அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ப்ளஸ் டூ படித்த வருஷம். சித்தப்பா அப்போது போர்மேனாக இருந்த ஆபீஸில் மணி மருந்து ரூம் வெடித்தது. பேப்பரில் நாலு வரி வந்திருக்கும். இந்தப் பக்கத்தில் அதெல்லாம் நாலு வரிதான். சித்தப்பா அந்தக் கடைசியில் இருந்தார். எல்லோரும் வெளியே ஓடுகையில் இவர் உள்ளே ஓடினார். இரண்டு பேரைத் தூக்கி வந்தார். ஒருத்தர் பிழைத்தார். இன்னொரு பெண் மதுரை போகிற வழியில் போய்விட்டாள். இடது முழங்கைக்குக் கீழே சித்தப்பாவுக்கு இன்னும் தோல் உருகின பிளாஸ்டிக் மாதிரி இருக்கும்.

விசாரணைக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை உட்காரவைத்துச் சொன்னார். நாள் முழுக்க நான் நான் என்கிற மனுஷன் சொன்னது இதுதான்: 'பக்கத்து ரூம் ஆளுங்க எல்லாம் சேர்ந்து தூக்குனோம்.' நான் நிமிர்ந்து பார்த்தேன். ''எழுதுடா'' என்றார். அத்தோடு சரி. இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பெண் வீடு இருக்கிற தெருப் பக்கம் அவர் போவதில்லை. சுற்றித்தான் போவார். அன்றைக்குக் கூடுதலாக மருந்து வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பினது அவர்தான் என்று சித்தி ஒரு தடவை சொன்னாள். அது போர்மேன் வேலைதான். அவர் அப்படி நினைக்கவில்லை.

''கட்டுப் பிரிச்ச அன்னைக்கு உனக்கு நாலு வயசு'' என்றாள் சித்தி. ''கையைப் பார்த்துட்டு 'தாத்தா, ஏன் இப்படி இருக்கு'ன்னு அழுதே. அதுக்குத்தான் ராக்கெட்டைக் கட்டிப் பிடிச்சேன்னு ஆரம்பிச்சாரு. நீ சிரிச்சே. மறுநாளும் கேட்டே. அதுலேர்ந்து நிப்பாட்டலை.''

அவன் செல்போனைப் பார்த்தபடி இருந்தான். திரை தானாக அணைந்துவிட்டிருந்தது.

இதைச் சொன்னதற்காக சித்தப்பாவுக்கு மகாத்மா பட்டம் கட்டிவிடாதீர்கள். மனுஷன் சொந்த மகன் என்ன படித்தான் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல மாட்டார். நிச்சயதார்த்தத்தில் செய்தது அநியாயம்தான். எனக்கு அரசாங்கப் பரீட்சையில் பெயில் ஆன அன்று ஆறுதல் சொல்ல வந்தவர், தான் அஞ்சாம் வகுப்பில் எல்லோரையும் முந்தின கதையைச் சொல்லிவிட்டுப் போனார். ஒன்பதில் தாராளமாக மூன்று தேறும். நாலாவதுக்கு சித்தி ஓட்டுப் போடுவாள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கரண்ட் போனது. திண்ணையில் விசிறியோடு சித்தப்பா. அக்கா மகன் தானாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

''பஸ்ல ஏறினீங்களே தாத்தா, அப்புறம்?''

''நீதான் காலையிலயே கேட்டியே.''

''காலையில சரியாக் கேட்கலை.''

சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். ''கண்டக்டர் வந்தான். எங்கேருந்து வர்றேன்னான். ஏழாயிரம்பண்ணைன்னேன். எங்கே போகணும்னான். ஏழாயிரம்பண்ணைன்னேன்...''

இந்த இடத்தில் நிறுத்தி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். அக்கா மகன் எழுந்து நின்று, இல்லாத பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டான்.

''அப்புறம் ஏன்யா கிளம்புனே? அங்கேயே இருந்திருக்கலாம்ல!''

இருட்டில் சித்தப்பா சிரித்தது எங்களுக்கு உள்ளே வரை கேட்டது. ''கண்டக்டர் குரல் இன்னும் கொஞ்சம் கட்டையா இருக்கும்டா'' என்றார்.